புது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் வருவதற்குள் வீட்டில் என்ன செய்து வைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது. மதுரை வில்லாபுரத்தில் மாடி வீடு, வாடகை. ஹால் 12க்கு 15 அடி, 10 அடி உயரம். ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) ஸ்பீக்கருக்கும் ஆர்டர் போட்டாகிவிட்டது. வந்து சேரப் பத்து நாளாகும். அதே சமயத்தில் நியூஜெர்சியிலிருந்து வரும் மச்சான், அங்கே தான் வைத்திருந்த டர்ன்டேபிளையும், அதாவது இசைத்தட்டுப் போட்டுக் கேட்கும் கருவியையும், கொண்டுவருகிறார். அப்பா சேர்த்த இசைத்தட்டுகள் பரணில் இருக்கின்றன. "பார்சல் எங்க வந்திருக்குன்னு நாளுக்கு நாலு தடவ பாக்குறேன். அதுக்குள்ள என்னென்ன வாங்கி வைக்கணும்?"

வாங்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம். செய்து வைக்க வேண்டியதுதான் நிறைய. பெட்டி வந்துவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. கிடைத்த இடத்தில் வைத்து, கிடைத்த ஒயரில் மாட்டிப் பாட்டைப் போட்டுவிடுவோம். அந்த இடமே பத்து வருஷத்துக்கு நிலைத்துவிடும். டிவிக்கென்று சிமெண்டில் கட்டிய ஷோகேஸ் பொந்துக்குள் நல்ல நல்ல ஸ்பீக்கர்கள் அடைந்து கிடப்பதை நம்ம ஊரில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியதில் பாதிகூட அங்கே காதுக்கு வராது. அதனால் இன்னும் இரண்டு விமர்சன வீடியோ பார்ப்பதைவிட, இந்த நாட்களில் ஹாலைக் கவனியுங்கள். கேட்கப்போவது ஸ்பீக்கரை மட்டும் இல்லை, அந்த ஹாலையும் சேர்த்துத்தான்.

இன்று ராத்திரி தெரு அடங்கியதும் டிவியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஹால் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய சத்தம் உடனே செத்துவிட்டால் நல்லது. 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சத்தம் போய்ப்போய்த் திரும்புகிறது என்று பொருள். தரையில் டைல்ஸ், சுவரில் சிமெண்ட் பூச்சுக்கு மேல் பட்டி, தலைக்கு மேல் கான்கிரீட். இந்த மூன்றுமே வருகிற சத்தத்தைக் கிட்டத்தட்ட அப்படியே திருப்பி அனுப்புபவை. நம்ம ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற வீடு இது. துடைத்துவிட ஒரு ஈரத்துணி போதும். பாட்டுக்கு மட்டும் ஒத்துவராது.

இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் வாலஸ் சபைன். 1895 வாக்கில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில், பேசுவது யாருக்கும் புரியவில்லை. அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சபைனிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ராத்திரி நேரத்தில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி, நிறுத்தியபின் சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட அந்த நேரம் குறைந்தது. அதிலிருந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருட்கள் மொத்தமாக எவ்வளவு சத்தத்தை உறிஞ்சுகின்றன என்பதால் வகுக்க வேண்டும். உறிஞ்சுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாக வெளியே போன சத்தம் திரும்ப வராது அல்லவா? ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்றால் ஓர் அலகு.

உங்கள் ஹாலுக்கே போட்டுப் பார்ப்போம். 12க்கு 15க்கு 10 என்றால் 1800 கன அடி, ஏறக்குறைய 51 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 84 சதுர மீட்டர். காலி அறையில் இவை நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று வைத்தால் இரண்டரை அலகு. சத்தம் அடங்க 3 விநாடிக்கு மேல் ஆகும்; கல்யாண மண்டபத்துக்கு நெருக்கமான கணக்கு இது. சோபா, அலமாரி, ஆட்கள் எல்லாம் வந்தபின் ஒரு விநாடி, ஒன்றரை விநாடிக்கு இறங்கும். நிம்மதியாகப் பாட்டுக் கேட்க அரை விநாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். அதற்கு மொத்தம் 16 அலகு தேவை.

இதை எட்டுவதற்கு விலை உயர்ந்த பஞ்சுப் பலகைகள் வேண்டியதில்லை. போடி, தேனிப் பக்கத்து இலவம்பஞ்சில் தைத்த மெத்தை நம் வீடுகளில் சாதாரணம். பழைய மெத்தை ஒன்றோ இரண்டோ பரணில் சுருட்டிக் கிடந்தால் எடுத்து வெயிலில் காயவைத்து, புது உறை தைத்து, சோபாவுக்குப் பின்னால் சுவரை ஒட்டி நிமிர்த்தி நிறுத்துங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையில் வெறும் டைல்ஸாக இருக்கும் தரையில் கனமான ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். கோரைப்பாய் மெல்லியது; கீச்சென்ற மேல் சுருதிகளைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சுங்குடிச் சேலையைத் திரையாகத் தைத்துப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும். சத்தத்துக்கு அது ஒன்றும் செய்யாது. திரைத்துணி கனமாக இருக்க வேண்டும், ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுத்துச் சுருக்கு விழத் தொங்க வேண்டும். புத்தக அலமாரி இருந்தால் அதை ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். உயரமும் தடிமனும் வேறுவேறாகப் புத்தகங்கள் நிற்கும்போது சத்தம் ஒரே திசையில் திரும்பாமல் சிதறும். முட்டை அட்டையும் தெர்மோகோலும் ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டாலும் பலன் மிகக் குறைவு, தீப்பிடித்தால் ஆபத்து அதிகம்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் உட்காரப்போகும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரிடம் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துப் பக்கச் சுவரை ஒட்டி மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடம் எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான் முதல் எதிரொலி பட்டு உங்கள் காதுக்கு வரும். அந்த இடத்தில் திரையோ புத்தக அலமாரியோ வந்தால், மொத்தச் சுவரையும் மூடியதில் பாதிப் பயன் கிடைத்துவிடும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பாஸ், அதாவது கீழ் ஸ்தாயிச் சத்தம், வேறு கதை. மெத்தை, திரை எதற்கும் அது மசியாது. ஓர் அறையின் நீளத்தில் சத்தம் முன்னும் பின்னும் போய்வரும்போது, சில சுருதிகள் மட்டும் அந்த நீளத்துக்குப் பொருந்தி ஊதிப்போகும். மதுரைச் சூட்டில் சத்தத்தின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் அந்தச் சுருதி வரும். உங்கள் ஹாலுக்கு 15 அடிப் பக்கம் 38 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 38 அதிர்வு), 12 அடிப் பக்கம் 48, உயரம் 57. மூன்றும் வேறுவேறாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 12க்கு 12 சதுர அறையாக இருந்திருந்தால் இரண்டு 48ம் ஒன்றாகச் சேர்ந்து, மிருதங்கம் கேட்டாலும் பேஸ் கிட்டார் கேட்டாலும் அந்த ஒரே 'கும்' மேலே நிற்கும். 48 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 7 மீட்டருக்கு மேல்; அதை அரையடி மெத்தை எப்படித் தடுக்கும்? இடத்தை மாற்றுவதுதான் வழி. இந்த ஊதல் சுவரை ஒட்டித்தான் அதிகம், மூலையில் இன்னும் அதிகம். நம் வீடுகளில் சோபா எப்போதும் பின்சுவரை ஒட்டியே கிடக்கும். அதை ஒன்றரை, இரண்டு அடி முன்னால் இழுத்துப் போடுவதற்கு இப்போதே வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கி வையுங்கள். செலவே இல்லாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் அது.

ஸ்பீக்கர் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆறு, ஏழு அடி தள்ளி, பின்சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி முன்னால் வர வேண்டும். நீங்களும் ஏறக்குறைய அதே ஏழு அடியில் உட்கார்ந்தால் முக்கோணம் சரியாகிவிடும். இந்த மூன்று இடத்தையும் இன்றே சாக்பீஸால் தரையில் குறித்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் நடக்கும் வழி தடைபடுகிறதா, பீரோக் கதவு இடிக்கிறதா என்பதெல்லாம் இந்தப் பத்து நாளில் தெரிந்துவிடும்.

ஸ்டாண்ட் உயரத்தை யாரும் நமக்காக யோசித்துச் சொல்வதில்லை. ட்வீட்டர், அதாவது மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், காது மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சோபாவில் உட்கார்ந்தால் காது 36லிருந்து 40 அங்குலம். கடையில் கிடைக்கும் ஸ்டாண்டெல்லாம் அதற்கேற்பச் செய்தவை. ஆனால் உங்கள் வீட்டில் ராத்திரி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் கேட்பீர்கள் என்றால், காது 30 அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிடும். எது உங்கள் வழக்கமோ அதை டேப் வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். வெளியே ஸ்டாண்ட் வாங்குவதைவிடக் கடப்பாக்கல் கடையில் ஒரு அடிக்கு ஒரு அடி துண்டாக நான்கு அறுத்து வாங்கி, இரண்டை அடியிலும் இரண்டை மேலேயும் வைத்து, நடுவில் நல்ல கனமான கட்டையை ஆசாரியிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம். கல் கனமானது, ஆடாது. ஸ்பீக்கருக்கும் கல்லுக்கும் நடுவில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு. சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் அடிக்கல்லை இன்னும் அகலமாக எடுங்கள், மேற்கல்லைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள்.

இனி கரண்ட். இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், மேலே உள்ள பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே வந்திருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 காட்டினால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லை என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் செலவைப் பகிர்ந்துகொண்டாவது செய்துவிடுங்கள், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டு 'சரி பண்ணிட்டேன்' என்று சொல்பவரை அனுமதிக்காதீர்கள். உப்பும் கரியும் போட்ட எர்த் குழி இருந்தாலும், சித்திரை வைகாசியில் மண் காய்ந்துவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

சிலருக்கு ஆம்ப்ளிஃபயர் போட்டதுமே 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வரும். பெரும்பாலும் அது கேபிள் டிவி ஒயர் வழியாக வருவது. செட்டாப் பாக்ஸை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தால், கேபிள்காரர் ஒயரின் எர்த்தும் உங்கள் வீட்டு எர்த்தும் இரண்டு வழியாகச் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகிறது; அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் அந்த உறுமல். அந்தக் கேபிளைக் கழற்றியதும் நின்றுவிட்டால் காரணம் உறுதி. டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக இணைத்தால் தீர்ந்துவிடும், ஏனென்றால் அதில் ஒளிதான் போகிறது, கரண்ட் போவதில்லை. ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் உறுமல் நிற்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆகும் நாளில் உங்களைக் காப்பாற்ற வேண்டியது அந்தப் பின்தான்.

உறுமலுக்குப் பதிலாகக் 'கிர்ர்' என்று கரகரப்பாக வந்தால் ஃபேன் ரெகுலேட்டரைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றினால் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும், விளக்குக்கு வைக்கும் டிம்மரும் இதைச் செய்யும். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டித்தட்டி நிற்கும் கண்டென்சர் வகைக்கு மாற்றிவிடுங்கள், சின்னச் செலவு. ஃபேன் இல்லாமல் மதுரையில் உட்கார்ந்து பாட்டுக் கேள் என்று யாரும் சொல்ல முடியாது. அது சத்தமில்லாமல் ஓடும்படி பார்த்துக்கொள்வதுதான் நம்மால் ஆனது. தம்புராவின் கடைசி இழை அடங்குவது ஃபேன் இரைச்சலுக்குக் கீழே போய்விடுகிறது.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் '100–240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால் தேவையில்லை. '230' என்று மட்டும் இருந்து, உங்கள் தெருவில் சாயங்காலம் டியூப்லைட் மங்கும் அளவுக்கு வோல்டேஜ் இறங்குகிறது என்றால் மட்டும் வாங்குங்கள். இடி மின்னலுக்காக, திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் ஒரு நல்ல சர்ஜ் புரொடக்டர் கட்டாயம். கோடை மழையும் ஐப்பசி மழையும் மதுரையில் இடியோடுதான் வரும். மேகம் கருத்தால் பிளக்கைப் பிடுங்குவது எல்லாவற்றையும்விட நல்லது; பிடுங்கும்போது கேபிள், நெட் ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள், மின்னல் அது வழியாகவும் வரும். வீட்டில் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், ஆம்ப்ளிஃபயருக்கான பாயிண்ட்டை அந்த லைனிலிருந்து பிரித்துவிடுங்கள். அந்தக் கரண்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். லைன் கரண்ட்டைப் போலவே கொடுக்கும் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பயமில்லை.

ஸ்பீக்கர் ஒயர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நல்ல செம்பு ஒயர், 1.5 சதுர மி.மீ., ஒவ்வொரு பக்கமும் ஐந்து மீட்டர். போக வர அதன் தடை 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டவுன் ஹால் ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் சில ஒயர்கள் அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியவை. முனையைச் சீவிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயருக்குக் கொடுக்கும் காசை மெத்தை உறைக்குக் கொடுங்கள்.

டர்ன்டேபிளைப் பற்றி மச்சானிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள், அவர் பெட்டி கட்டுவதற்குள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனுடன் வரும் அடாப்டரில் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் கவலையில்லை, பிளக் பின்னை மட்டும் மாற்றினால் போதும். பழைய மாடலாக இருந்து, மோட்டார் நேராகக் கரண்ட்டில் ஓடும் சிங்க்ரனஸ் வகை, அதாவது கரண்ட்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றும் வகை, என்றால்தான் சிக்கல். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 27.8 சுற்றுதான் ஓடும். சுருதி ஆறில் ஒரு பங்கு இறங்கிவிடும். பாடகர் சாதாரண காந்தாரத்தில் நிற்கும் இடம் உங்களுக்கு ஷட்ஜமாகக் கேட்கும்! அந்த மாடலுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி தனியாகக் கிடைக்கிறதா என்று அவரை அங்கேயே தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் கனத்தைச் சுமந்து வர வேண்டாம்.

அடுத்து, உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறப் படத்தை எடுத்து 'ஃபோனோ' என்று ஓர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டர்ன்டேபிள் ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதோடு, தட்டில் பதியும்போது பாஸைக் குறைத்து, மேல் ஸ்தாயிச் சத்தமான டிரபிளைக் கூட்டியிருப்பார்கள். திரும்பக் கேட்கும்போது அதை நேர்செய்ய வேண்டும். இரண்டு வேலையையும் ஃபோனோ பகுதிதான் செய்கிறது. ஆம்ப்ளிஃபயரில் அது இல்லை, டர்ன்டேபிளுக்குள்ளும் இல்லை என்றால் தனியாக ஒரு ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். நீங்கள் உண்மையிலேயே வாங்கி வைக்க வேண்டிய பொருள் அது ஒன்றாக இருக்கலாம்.

அப்பாவின் தட்டுகளை மெதுவாகப் பரணிலிருந்து இறக்குங்கள். படுக்கப்போட்டு அடுக்கியிருந்தால் இப்போதே நிமிர்த்தி வையுங்கள். நம்ம ஊர்ச் சூட்டில் அடித்தட்டு வளைந்துவிடும். அவற்றில் கனமான, எளிதில் உடையும் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றின் பள்ளம் அகலமானது. எல்.பி. (33⅓ சுற்றுத் தட்டு) ஊசியின் முனை ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 0.7 பங்கு, 78க்கு 3 பங்கு. ஒன்றின் ஊசியை இன்னொன்றில் வைத்தால் தட்டும் கெடும், ஊசியும் கெடும். எல்.பி.யையும் 45 சுற்றுத் தட்டையும் துடைக்க, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, பள்ளம் போகும் திசையிலேயே துடைப்பு. லேபிள் நனையக் கூடாது. இந்தப் பத்து நாளில் தினம் ஐந்து தட்டு துடைத்தாலே ஒரு நல்ல அடுக்கு தயாராகிவிடும்.

கடைசியாகக் காது. நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

நாமெல்லாம் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கேட்டு வளர்ந்தவர்கள். பங்குனி, ஆடி மாதங்களில் கோயிலில் கட்டியது அடுத்த ஊர் வரை கேட்கும். அந்தக் குழாய் கீழ் ஸ்தாயியை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். அதனால்தான் அந்தக் கணீர். பிறகு வந்த அசெம்பிள் செட்டுகளில் பெட்டி மேலேயே ஆயிரம் வாட் பி.எம்.பி.ஓ. என்று ஊதிப் பெருக்கிய கணக்கை ஒட்டியிருப்பார்கள், பாஸும் டிரபிளும் முறுக்கி இருக்கும். இந்தப் பழக்கத்தோடு, நேராகச் சத்தம் கொடுக்கும் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தால் முதல் நாள் 'என்ன, சத்தமே கம்மியா இருக்கு' என்றுதான் தோன்றும். பயப்படாதீர்கள். உங்கள் ஹாலில் சாதாரணமாகக் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு வாட்டுக்குமேல்கூடப் போகாது. பெட்டியில் போட்டிருக்கும் 50 வாட், தவில் திடீரென்று விழும் அந்த ஒரு கணத்துக்கு வேண்டியது.

அதனால் இப்போது இருக்கும் செட்டிலேயே, நன்றாகத் தெரிந்த நாலைந்து பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒன்றைக் கண்ணை மூடிக் கேளுங்கள். மதுரைக்காரருக்குக் குரலுக்குப் பஞ்சமில்லை. 1916ல் இந்த ஊரில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிப் பதிவு ஒன்று, 1922ல் இந்த ஊரில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் பழைய பாட்டு ஒன்று, மதுரை மணி ஐயரின் ஸ்வரம் ஒன்று. எம்.எஸ். குரலுக்குப் பின்னால் தம்புரா தொடர்ந்து கேட்கிறதா, நடுவில் காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். டி.எம்.எஸ். குரலில் நெஞ்சுக் கனம் இருக்கும். ஹால் ஊதினால் அந்தக் கனம் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். மிருதங்கத்தின் இடந்தலையில் (இடது பக்கத் தோலில்) கையை அழுத்தி இழைப்பதால் வரும் கும்கி, கீழிருந்து மேலே இழைந்து ஏற வேண்டும். எல்லாக் கும்கியும் ஒரே சுருதியில் 'தொம்' என்று நின்றால், அது வாசிப்பவர் செய்ததில்லை, உங்கள் ஹாலின் ஊதலாக இருக்கலாம்.

பழைய பாட்டில் இன்னொரு பெரிய வசதி உண்டு. 1950, 60களின் திரைப்பாடல் பதிவுகள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும். அப்படியென்றால் குரல் இரண்டுக்கும் நட்டநடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில், ஓர் ஆள் நிற்பதுபோல நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர் தூரமோ பக்கச் சுவரோ சரியில்லை. நடுவில் எதுவுமே நிற்காமல் தலைக்குப் பின்னால் சுற்றுகிற மாதிரி இருந்து பாஸும் குறைந்திருந்தால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கருப்பும் மாறி மாட்டியிருக்கிறீர்கள். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய மிக நல்ல பரிசோதனை இது. முதலில் மோனோவை நடுவில் நிறுத்துங்கள், ஸ்டீரியோவை அதற்கப்புறம் போடலாம்.

பழைய செட்டையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் சமமாக இருக்கட்டும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைந்து காட்டினார்கள்: சத்தம் குறையும்போது காது பாஸை அதிகமாக இழக்கும், கூடும்போது திரும்பப் பெறும். அதனால் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று தோன்றும். கைப்பேசியில் சத்தத்தை அளக்கும் ஒரு டெசிபெல் மீட்டர் செயலி போட்டுக்கொண்டால் இரண்டையும் சமமாக வைக்கலாம். உங்கள் தெருவுக்கும் அது உதவும். குடியிருப்புப் பகுதிக்கு விதித்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபெல், ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45. கீழ்வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, 'கேட்டா உடனே குறைச்சிடுறேன்' என்று நம்பரைக் கொடுத்துவிடுங்கள்.

பார்சல் வரும் அன்று, திறப்பதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கமும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு, அப்புறம் டேப்பைக் கிழியுங்கள். மூலை நசுங்கியிருந்தால் டெலிவரி ஆள் இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் நல்ல குளிரிலிருந்து வந்ததில்லை, ஆனால் டெலிவரி வண்டிக்குள் வெந்திருக்கும்; ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் இருக்கட்டும். எல்லா ஒயரையும் மாட்டி முடித்தபிறகுதான் பிளக்கைச் செருக வேண்டும். வால்யூம் முழுக்கக் கீழே, டோன் எல்லாம் நடுவில். ஆம்ப்ளிஃபயரின் மேல்மூடியில் காற்றோட்டத் துளை இருக்கும். அதன்மேல் துணியோ பூச்சாடியோ ரிமோட்டோ வேண்டாம். பக்கங்களில் நாலு விரல் இடம் விடுங்கள். பின்புறத்தில் உபயோகிக்காத ஓட்டைகளை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டால் எறும்பும் பல்லிக்குஞ்சும் உள்ளே போகாது. இந்தப் பக்கத்தில் போர்டு கெட்டுப்போகப் பல்லி ஒரு பெரிய காரணம்.

'இருநூறு மணி நேரம் ஓடினால்தான் ஸ்பீக்கர் திறக்கும்' என்று சொல்வார்கள். ஸ்பீக்கரில் அதிரும் கோனைத் தாங்கும் ரப்பர் வளையமும், பின்னால் அதைப் பிடித்திருக்கும் ஸ்பைடர் என்ற துணி வளையமும் இளகச் சில மணி நேரம் ஆகும், அது உண்மை. அதற்கப்புறம் மாறுவது பெரும்பாலும் உங்கள் காதுதான். ஆகவே அந்தப் பேச்சை நம்பித் திருப்பி அனுப்பும் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். முதல் மூன்று நாளுக்குள் சாக்பீஸ் கோடுகளிலிருந்து அரையடி அரையடியாக நகர்த்திப் பார்த்து, மோனோப் பாட்டு நடுவில் நின்று, கும்கி இழைந்து ஏறுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கப்புறமும் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கரகரப்பு இருந்தால், ஒயர்களை அப்படியே விட்டு, இடது ஸ்பீக்கரையும் வலது ஸ்பீக்கரையும் மட்டும் இடம் மாற்றி மாட்டுங்கள். கரகரப்பும் கூடவே இடம் மாறினால் ஸ்பீக்கரில் குறை. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ குறை. எதுவென்று தெளிவாக எழுதி, பில்லோடு உடனே தெரிவியுங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அச்சையும் வாரண்டி முடியும் வரை பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். தட்டுகளை இறக்கியபின் பரணில் அதற்கு இடம் இருக்கும்.